பன்னிரண்டு பாய் அளவுள்ள ஹால்: சேலத்து வீட்டில் ஆசிய பாணிக் கூடம் அமைப்பது பற்றி

சேலம் அழகாபுரத்தில் தரைத்தள வீடு, ஹால் 12க்கு 18 அடி, கூரை உயரம் 10 அடி. 12 அடி நீளமுள்ள மேற்குச் சுவரில் 6 அடி அகலத்துக்கு ஒரு ஜன்னல்; தரையில் பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ். வீட்டில் இரண்டு பிள்ளைகளும், முழங்கால் வலியுள்ள மாமியாரும் இருக்கிறார்கள். ஜப்பான், சீனா, பாலி வீடுகளின் படங்களைப் பல மாதங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். அந்தப் படங்களைப் போன்ற ஒரு கூடம் நம் ஊரில் சாத்தியமா, முதலில் எதை வாங்க வேண்டும், ஏற்காட்டில் இருக்கும் உங்கள் பெற்றோர் வீட்டிலும் இதையே செய்யலாமா என்பவை உங்கள் கேள்விகள். சேலத்திலும் ஏற்காட்டிலும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளறை வேலை செய்துவருபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் எதை வாங்குவது என்ற கேள்விக்கு என் பதில், முதல் இரண்டு மாதங்களுக்கு எதையும் வாங்க வேண்டாம் என்பதே. நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் படங்களை மீண்டும் ஒருமுறை எடுத்து, அவற்றிலுள்ள பொருள்களை விட்டுவிட்டு, மனிதர்கள் எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து எப்படி வடிந்து வருகிறது, தரையில் எவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது என்ற மூன்றை மட்டும் பாருங்கள். காகித விளக்கையும் மூங்கில் திரையையும் ஒரே நாளில் வாங்கிவிடலாம். ஆனால் 18 அங்குல உயரச் சோபா, நெற்றிக்கு நேரே எரியும் டியூப்லைட், சுவரோடு சுவராக நிற்கும் ஷோகேஸ் ஆகியவை அப்படியே இருக்கும்போது அந்த விளக்கும் திரையும் கடையில் தொங்கியதைப் போலத்தான் தொங்கும். இந்த மூன்றையும் சரிசெய்துவிட்டால், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பித்தளைக் குடமும் கோரைப்பாயுமே நீங்கள் தேடும் தோற்றத்தைத் தந்துவிடும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிய பாணி என்று நாம் ஒன்றாகச் சொல்வது உண்மையில் பல பாணிகள். ஜப்பானிய அறை பாயின் மேல் அமைந்தது. அங்கே நாற்காலி அண்மைக் காலத்து விருந்தாளி. சீன வீடு நெடுங்காலமாகவே நாற்காலியையும் மேசையையும் ஏற்றுக்கொண்டது. மிங் அரசர்களின் காலத்து, அதாவது 1368 முதல் 1644 வரையிலான காலத்து நாற்காலிகள், ஆணியை நம்பாமல் கழுந்தும் துளையுமாகப் பொருத்தப்பட்டு, இன்றும் தச்சர்கள் வியந்து பார்க்கும்படி நிற்கின்றன; அந்தக் கூடத்தின் இலக்கணம் இருபுறமும் சமமான ஒழுங்கு. பாலித் தீவின் வீடு சுவரையே பெரிதாக நம்பாமல், தூண்களின் மேல் கூரையை நிறுத்தித் தோட்டத்தை உள்ளே அழைப்பது. கொரியாவின் பழைய வீட்டில் குளிர்காலத்துக்குத் தரைக்கடியில் சூடேற்றும் அறை ஒன்றும், கோடைக்குக் காற்று ஊடுருவும் மரத்தளக் கூடம் ஒன்றுமாக இரண்டு ஏற்பாடுகள் உண்டு. இவை எல்லாவற்றையும் 216 சதுர அடிக்குள் கொண்டுவர முயன்றால் எதுவும் மிஞ்சாது. உங்கள் வீட்டின் அளவையும் படங்களில் நீங்கள் அதிகம் விரும்பியிருப்பவற்றையும் பார்க்கும்போது, ஜப்பானிய அறையின் ஒழுங்கை எலும்புக்கூடாக வைத்துக்கொண்டு, நம் ஊர்ப் பொருள்களைத் தசையாகச் சேர்ப்பதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அந்த ஒழுங்கு நமக்கு அந்நியமானதும் அல்ல. வாசலில் செருப்பைக் கழற்றுவது, தரையில் உட்கார்ந்து உண்பது, இரவில் பாயை விரித்துக் காலையில் சுருட்டி அதே அறையை வேறொன்றாக மாற்றுவது, விளக்குக்கென்று சுவரில் ஒரு மாடம் விடுவது ஆகியவை எல்லாம் நம் தாத்தா பாட்டி வீடுகளில் இருந்தவையே. ஆசிய வணிகமும் நமக்குப் புதிதல்ல. செட்டிநாட்டு வீடுகளின் தூண்கள் பர்மாத் தேக்கால் ஆனவை. அங்கே சில வீட்டுச் சுவர்களில் ஜப்பானிலிருந்து வந்த பூ ஓடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. இன்னும் நேரடியான உதாரணம் புதுச்சேரியில் இருக்கிறது. ஜப்பானில் பல ஆண்டுகள் பணியாற்றிய அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் அரவிந்தர் ஆசிரமத்துக்காக வடிவமைத்த கோல்கொண்டே என்ற தங்கும் விடுதியின் வேலையை 1930களின் இறுதியில் அங்கேயே தங்கி மேற்பார்வையிட்டவர், ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான ஜார்ஜ் நகாஷிமா. அவருக்கு அரவிந்தர் சூட்டிய பெயர் சுந்தரானந்தா. பின்னாளில் அவர் உலகறிந்த மரவேலைக் கலைஞரானார். அந்தக் கட்டடத்தில் கண்ணாடி ஜன்னல்களுக்குப் பதிலாகத் திறந்து மூடக்கூடிய கிடைத்தகடுகள் சுவர் முழுவதும் அமைந்திருக்கின்றன. அறைக் கதவுகள் காற்று ஊடுருவும் தேக்குச் சட்டங்களால் ஆன நகரும் கதவுகள். தரையில் கடப்பா கல். ஜப்பானிய எளிமையைத் தமிழ்நாட்டு வெயிலுக்குள் கொண்டுவருவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரிந்து இல்லை. கூரையிலிருந்து சீனப் பொம்மை எதுவும் தொங்காமலே அது ஆசியக் கட்டடமாக இருக்கிறது.

இனி உங்கள் ஹாலுக்கு வருவோம். ஜப்பானில் அறையைப் பாயின் எண்ணிக்கையால் அளப்பது வழக்கம். அங்குள்ள தத்தாமி என்ற பாய் ஏறத்தாழ 3 அடி அகலமும் 6 அடி நீளமும் கொண்டது. நெல் வைக்கோலை அழுத்திச் செய்த இரண்டு அங்குலத்துக்கும் சற்று அதிகமான கனமுள்ள மெத்தையின் மேல் ஒருவகைக் கோரையால் நெய்த விரிப்பு அது. தேநீர்ச் சடங்குக்குரிய அறையின் பழைய அளவு நாலரைப் பாய், அதாவது சுமார் 9க்கு 9 அடி. இந்தக் கணக்கில் உங்கள் ஹால் சரியாகப் பன்னிரண்டு பாய் அறை. நம் கோரைப்பாயும் 3க்கு 6 அடியில் கிடைப்பதால் இந்தக் கணக்கை நீங்கள் அப்படியே பயன்படுத்தலாம். ஒரு விடுமுறை நாளில் எல்லா நாற்காலி மேசைகளையும் வெளியே எடுத்துவிட்டு, பன்னிரண்டு பாய்களையும் விரித்து, குடும்பத்தோடு ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். ஜன்னலின் அடிக்கட்டை தரையிலிருந்து 3 அடி உயரத்தில் இருப்பதால், தரையில் உட்கார்ந்த உங்களுக்கு வானத்தின் ஒரு துண்டைத் தவிர வெளியே எதுவும் தெரியாது என்பதை அப்போது உணர்வீர்கள். தரையில் உட்கார்ந்தவரின் கண்மட்டம் சுமார் இரண்டரை அடிதான். நம் வீடுகளில் தரையில் உட்காரும் பழக்கம் போனதற்கு முழங்கால் மட்டும் காரணமல்ல. ஜன்னல், சுவிட்ச் போர்டு, தொலைக்காட்சி என்று எல்லாமே நிற்பவருக்கும் நாற்காலியில் இருப்பவருக்குமாக அமைந்துவிட்டதும் ஒரு காரணம்.

சுவரை இடித்து ஜன்னலைத் தாழ்த்தலாம். ஆனால் மாமியாரின் முழங்காலையும் சேர்த்து யோசித்தால் அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. மேற்குச் சுவரை ஒட்டி, 12 அடி நீளம், 6 அடி அகலம், 16 அங்குல உயரத்தில் ஒரு மேடை போடுங்கள். நம் சொல்லில் ஒரு வீட்டுத்திண்ணை. அது நான்கு பாய் கொள்ளும். எஞ்சிய தரை 12க்கு 12, அதாவது எட்டுப் பாய். மேடையின் விளிம்பில் உங்கள் மாமியார் காலைத் தரையில் ஊன்றி நாற்காலியில் அமர்வதைப் போலவே அமரலாம். சம்மணமிட்டு உட்காரக்கூடியவர்கள் மேலேறி ஜன்னலோரம் சாயலாம். அவர்களுடைய கண்மட்டம் அப்போது தரையிலிருந்து ஏறத்தாழ 46 அங்குலத்தில் இருப்பதால் 36 அங்குலத்தில் உள்ள ஜன்னல் அடிக்கட்டைக்கு மேலே வெளியே நன்றாகத் தெரியும். சுவரை இடிக்க வேண்டியதில்லை. மேடைக்கு அடியில் இழுப்பறைகள் வைத்தால் தலையணை, பாய், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் எல்லாம் உள்ளே போய்விடும். கூடத்தை வெறுமையாக வைத்திருப்பதற்கு உண்மையான இரகசியம் இந்த இழுப்பறைகளே. ஒதுக்கி வைக்க இடமில்லாத வீட்டில் வெற்றிடம் ஒரு வாரத்துக்கு மேல் தங்காது.

இந்த மேடையைக் கல்லால் கட்டலாமா, மரத்தால் செய்யலாமா என்று கேட்பீர்கள். செங்கல் கட்டி மேலே கருங்கல் பாவினால் சேலத்துக் கோடையில் அது தரும் குளிர்ச்சிக்கு ஈடில்லை. கரையான் பயமும் இல்லை. ஆனால் இழுப்பறை கிடைக்காது. பின்னாளில் மாற்றவும் முடியாது. உங்கள் வீட்டுக்கு மரச்சட்டமே ஏற்றது என்பது என் முடிவு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரம், நன்றாக உலர்த்தப்பட்டிருந்தால், உள்ளறைச் சட்டத்துக்குப் போதுமானது. அதன் வெளிர்ந்த நிறமும் மின்னும் ரேகைகளும் ஜப்பானிய மரங்களின் சாயலை நெருங்கி வருபவை. சட்டங்களை ஒன்றேகால் அடி இடைவெளியில் நிறுத்தி, மேலே 18 மில்லிமீட்டர் நீர்தாங்கும் பிளைவுட் போடச் சொல்லுங்கள். காலின் அடிமரம் நேரடியாகத் தரையைத் தொடாமல் ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறு கருங்கல் துண்டு வையுங்கள். நம் திண்ணைத் தூண்களும் ஜப்பானியப் பழைய வீட்டுத் தூண்களும் கல்லின் மேல் நின்றதற்குக் காரணம் அழகு மட்டுமல்ல, ஈரமும் பூச்சியும் மரத்தில் ஏறாமல் தடுப்பதும்தான். மின்விசிறியை மேடைக்கு நேர்மேலே வைக்காமல், தாழ்ந்த எட்டுப் பாய்ப் பகுதியின் நடுவில் மாட்டுங்கள். மேடைமேல் நிற்கும் ஒருவர் கையை உயர்த்தினால் இறக்கையைத் தொடும் உயரம் அது என்பதைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மறக்கக்கூடாது.

மேடைமேல் விரிப்பதற்குத் தத்தாமியை வெளியிலிருந்து தருவிக்க வேண்டாம். ஒரு அங்குலக் கனமுள்ள தென்னைநார்ப் பலகையை 3க்கு 6 அடியாக வெட்டி, அதன்மேல் நெருக்கமாக நெய்த கோரைப்பாயை இழுத்துப் பொருத்தி, நீள ஓரங்களுக்குக் கறுப்பு அல்லது கருநீல நூல்துணியால் பட்டி தைத்தால், அதே ஒழுங்கும் அதே மணமும் கிடைக்கும். முசிறிப் பக்கத்துக் கோரைப்பாய் அன்றாடப் புழக்கத்துக்குப் போதும். பத்தமடைப் பாய் மெல்லியது, மிக நேர்த்தியானது, அதனால் காலடியில் போடுவதை விடச் சுவரில் ஒரு திரையாக விரிப்பதற்கே ஏற்றது. கீழே உள்ள எட்டுப் பாய்ப் பரப்பில் விட்ரிஃபைடு டைல்ஸின் பளபளப்பு உங்களுக்குப் பெரிய எதிரி. அது மேலேயுள்ள ஒவ்வொரு விளக்கையும் இரண்டாக்கிக் காட்டும். டைல்ஸை மாற்ற இயலாதென்றால் பவானிக்குப் போய் ஒரு பெரிய ஜமக்காளம் நெய்து வாங்குங்கள். வழக்கமான பல வண்ணப் பட்டைகளுக்குப் பதிலாகக் கருநீலமும் வெள்ளையும், அல்லது காவியும் கறுப்பும் என இரண்டே நிறத்தில் கேட்டால், ஒரு நாட்டின் பெயரும் ஒட்டாத அமைதி அறைக்கு வரும். மாற்ற முடியுமென்றால் பளபளப்பில்லாத கடப்பா கல் அல்லது சிவப்பு ஆக்ஸைடுத் தரையே என் விருப்பம். ஆனால் ஆக்ஸைடுத் தரை இடும் கை தேர்ந்த கொத்தனார் கிடைத்தால் மட்டும் அதைத் தொடுங்கள், இல்லாவிட்டால் வெடிப்பு விழும்.

உட்காரும் மெத்தைகளுக்கு இலவம்பஞ்சு நல்லது. இரண்டடிக்கு இரண்டடி, மூன்று அங்குலக் கனம் போதும். பஞ்சு அமுங்கிப் போகும். மாதம் ஒருமுறை மாடியில் வெயிலில் போட்டுத் தட்டினால் திரும்ப எழும். சேலத்து வெயிலுக்குக் குறைவில்லை.

வெளிச்சத்தைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஜன்னல் மேற்குப் பார்த்தது. ஏப்ரல், மே மாதங்களில் 38, 40 டிகிரியைத் தொடும் ஊரில் மாலை வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்டால், பிறகு எந்தத் திரை போட்டாலும் வெப்பம் அறைக்குள்ளேயே தங்கிவிடும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். ஜப்பானியர் கோடையில் ஜன்னலுக்கு வெளியே நாணல், மூங்கில் தட்டிகளைத் தொங்கவிடுவதும், நாம் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பதும் ஒரே அறிவின் இரண்டு வடிவங்கள். ஜன்னலுக்கு வெளியே ஓர் அடி தள்ளி, சன்ஷேடின் விளிம்பிலிருந்து தட்டியைத் தொங்கவிடுங்கள்; அந்த இடைவெளியில் காற்று மேலேறிப் போக வேண்டும். ஜன்னலுக்கு உள்பக்கத்தில் ஷோஜி என்ற நகரும் திரையை அமைக்கலாம். மூலத்தில் அது மெல்லிய மரச்சட்டக் கட்டங்களின் மேல் கைக்காகிதம் ஒட்டியது. வெளியொளியை வடிகட்டி, நிழல் விளிம்பே தெரியாதபடி அறை முழுவதும் பரப்பிவிடும். இங்கே காகிதம் தூசியிலும் பிள்ளைகளின் விரலிலும் கிழியும். அதற்குப் பதிலாக, 3 அடி அகலத்தில் இரண்டு சட்டங்கள் செய்து, சலவை செய்யாத கைத்தறி நூல்துணியை இழுத்துக் கட்டுங்கள். அம்மாபேட்டைத் தறிகளில் கிடைக்கும் வெண்பட்டின் ஒரு துண்டைப் பயன்படுத்தினால் மாலை ஐந்து மணிக்கு அந்த ஜன்னல் தேன்நிறமாகும். அந்தக் காட்சிக்காக ஆகும் கூடுதல் செலவு தகும் என்றே எனக்குத் தோன்றுகிறது, ஆனால் பட்டு வெயிலில் நாளடைவில் நைந்துபோகும் என்பதையும் அறிந்தே செய்யுங்கள். துணியை ஒட்டிவிடாமல், கழற்றித் துவைக்க வசதியாக மெல்லிய ரீப்பர் வைத்துத் திருகாணியால் பொருத்தச் சொல்லுங்கள். ஜப்பானில் ஆண்டிறுதியில் ஷோஜிக் காகிதத்தைப் புதிதாக ஒட்டும் வழக்கம் இருக்கிறது. நீங்கள் போகிக்கு முந்தைய வாரம் இந்தத் துணியை மாற்றலாம்.

இரவு வெளிச்சத்துக்கு விதி எளிது. கூரையிலிருந்து கீழ்நோக்கி அடிக்கும் ஒரே பெரிய விளக்கை அணைத்துவிட்டு, தரையிலிருந்து நான்கடிக்குள் மூன்று அல்லது நான்கு சிறு விளக்குகளை வையுங்கள். பல்பு பெட்டியில் 2700 கெல்வின் என்று அச்சிட்டிருக்க வேண்டும். 6500 கெல்வின் வெள்ளொளி எந்த மரத்தையும் சாம்பலாக்கிவிடும். படிக்கும் பிள்ளைகளுக்குத் தனி மேசைவிளக்கு வேண்டும். அழகுக்காக அவர்கள் கண்ணைச் சிரமப்படுத்தக்கூடாது. தொலைக்காட்சியின் நடுப்புள்ளி தரையிலிருந்து 3 அடிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்காத நேரத்தில் அதை மூடும்படி, திரைகளைப் போன்றே ஒரு நகரும் சட்டம் செய்துவிட்டால் அந்தச் சுவர் மீண்டும் சுவராகிவிடும்.

மூங்கிலைப் பற்றி எச்சரிக்க வேண்டியது என் கடமை. என் தொழிலின் தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு மூங்கில் கூரைத்தட்டி அமைத்துக் கொடுத்தேன். எட்டு மாதத்துக்குள் சோபாவின் மேல் மஞ்சள் மாவு உதிரத் தொடங்கியது. அந்த மூங்கிலை விற்றவர் பதப்படுத்தியது என்று சொன்னதை நான் சோதிக்காமல் நம்பியது தவறு. மொத்தத்தையும் என் செலவில் பிரித்தெடுத்தேன். மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடித்தான் உளுப்பு வண்டு வருகிறது. போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைத்து உலர்த்திய மூங்கிலையே வாங்க வேண்டும். அது உறுதியாகத் தெரியாவிட்டால் மூங்கிலை வீட்டுக்கு வெளியே தட்டியாக மட்டும் பயன்படுத்துங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினாலும் இழப்பு சிறிது. உள்ளே பிரம்பே போதும்.

அடுத்தது நீங்கள் குறிப்பாகக் கேட்ட புத்தர் தலை. கழுத்தோடு வெட்டப்பட்ட புத்தர் தலை இன்று எல்லா அலங்காரக் கடையிலும் கிடைக்கிறது. அந்த வடிவமே, தென்கிழக்காசியாவின் பாழடைந்த கோயில்களில் சிலைகளின் தலையை மட்டும் அறுத்து விற்ற கொள்ளையிலிருந்து பிறந்தது. தாய்லாந்திலும் இலங்கையிலும் புத்தரை அலங்காரப் பொருளாக்குவதைப் பக்தர்கள் அவமதிப்பாகவே கருதுகிறார்கள். நம் மாவட்டத்துக்கு இது தொலைவான விஷயமும் இல்லை. தலைவாசலுக்கு அருகே தியாகனூரில் தியானத்தில் அமர்ந்த பழைய புத்தர் சிலைகள் இருக்கின்றன. சேலம் நகரிலேயே தலைவெட்டி முனியப்பனாக வணங்கப்பட்ட சிலை புத்தருடையது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. அந்தப் பெயரை நினைத்துப் பார்த்தால், வெட்டிய தலையொன்றை டீப்பாய் மேல் வைக்க எனக்கு மனம் வருவதில்லை. புத்தர் வேண்டுமென்றால் முழு உருவமாக, கண்மட்டத்துக்குச் சற்று மேலே, காலணியும் குப்பைக்கூடையும் அருகில் இல்லாத இடத்தில், நீங்கள் வணங்கும் பொருளாக வையுங்கள். தொந்தி பெருத்த சிரிக்கும் புத்தர் கௌதமர் அல்லர். புதாய் என்று சீனர் அழைக்கும் துறவியின் உருவம். வாஸ்து பற்றியும் கேட்டிருந்தீர்கள். வீட்டின் நடுவைப் பாரமின்றி விடச் சொல்லும் மரபுக்கும் நான் சொல்லும் எட்டுப் பாய் வெற்றுத்தரைக்கும் முரண்பாடு ஏதுமில்லை. அதற்குமேல் நான் சொல்லத் தகுதியுடையவன் அல்லன்.

ஜப்பானிய அறையில் தொக்கொனொமா என்று ஒரு மாடம் உண்டு. அறையின் ஒரு பக்கத்தில் சற்று உள்வாங்கிய இடம். அதில் ஒரு ஓவியச் சுருளும் ஒரு பூச்சாடியும் மட்டுமே இருக்கும், பருவத்துக்கேற்ப இரண்டும் மாறும். வீட்டிலுள்ள மற்றதெல்லாம் அந்த ஓரிடத்துக்காக அடங்கியிருக்கும். உங்கள் ஹாலில் இப்போது ஷோகேஸ் நிற்கும் வடசுவரில், இரண்டரை அடி அகலத்தில், 6 அங்குல ஆழத்துக்கு மரச்சட்டம் கட்டி ஒரு மாடம் அமைக்கலாம். உள்ளே சுண்ணாம்புப் பூச்சு, மேலே மறைவாக ஒரு சிறு விளக்கு. தை மாதம் ஒரு கொத்து ஆவாரம்பூ, மாசியில் மாம்பூக் கிளை, சித்திரையில் சரக்கொன்றை, ஏற்காட்டிலிருந்து யாராவது வரும்போது வெண்ணிறக் காப்பிப்பூக் கிளை ஒன்று. மாம்பழத்துக்குப் பேர்போன ஊரில் வேறு அலங்காரம் தேட வேண்டியதில்லை. ஷோகேஸில் இருந்த மற்ற நினைவுப் பொருள்களை மேடை இழுப்பறையில் வைத்து, மாதம் ஒன்றாக இந்த மாடத்தில் வெளியே எடுங்கள். வெள்ளி விழாப் பரிசும் பிள்ளை வரைந்த படமும் அப்போதுதான் உண்மையில் பார்க்கப்படும். செதுக்கு வேலை உங்களுக்குப் பிடித்தமானது என்பது பாலிப் படங்களிலிருந்து தெரிகிறது. அதற்கு நம் மாவட்டத்துத் தம்மம்பட்டிக்குப் போங்கள். புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்ப ஊர் அது. மாடத்துக்கு மேல் வைக்க ஒரே ஒரு பலகை, பூக்கொடியோ அன்னமோ, வார்னிஷ் பூசாமல் எண்ணெய் மட்டும் தடவியதாகக் கேளுங்கள். இரண்டாவது பலகை வேண்டாம்.

சுவர் நிறத்தில் தூய வெள்ளையைத் தவிருங்கள். உமி, மணல், வெளிறிய களிமண் ஆகியவற்றின் நிறங்கள் மாலை ஒளியை ஏற்கும். சீன அரக்குச் சிவப்பு உங்களுக்குப் பிடித்திருந்தால் ஒரு தட்டிலோ ஒரு முக்காலியிலோ மட்டும் அது இருக்கட்டும்.

ஏற்காட்டு வீட்டுக்கு மேற்சொன்னவற்றில் பாதி பொருந்தாது. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில், மழை மாதங்களில் பனிமூட்டம் ஜன்னல் வழியே அறைக்குள் நடந்துவரும் இடத்தில், பாயும் நார்ப்பலகையும் இலவம்பஞ்சும் ஒரே பருவத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். அங்கே தேவை வெயிலைத் தடுப்பதல்ல, கிடைக்கும் வெயிலை உள்ளே வாங்குவது. கல்தரைக்குப் பதில் மரத்தளம் போடுங்கள், அதுவும் தரையிலிருந்து மூன்று அங்குலம் தூக்கி, அடியில் காற்று ஓடும்படி. துணித்திரைக்குப் பதில் தெளிந்த கண்ணாடி. மேடையை வீட்டின் கிழக்குப் பக்கத்தில் அமைத்தால் காலை வெயில் அதன்மேல் விழும். பழைய தோட்ட பங்களாக்களின் அகன்ற வராந்தா, ஜப்பானிய வீட்டின் எங்காவா என்ற மர நடைக்குச் சமமானது. அதைக் கண்ணாடி வைத்து அறையாக்கும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. தயவுசெய்து உங்கள் பெற்றோர் வீட்டில் அதைச் செய்ய விடாதீர்கள். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே, இரண்டிலும் சேராமல் இரண்டிலும் சேர்ந்திருக்கும் அந்த எட்டடி அகலம்தான் மலைவீட்டின் மிகச் சிறந்த அறை.

தொலைவிலுள்ள மலையையோ மரத்தையோ தன் தோட்டத்தின் பகுதியாகக் காட்டும்படி ஜன்னலையும் வேலியையும் அமைப்பதை ஜப்பானியர் கடன் வாங்கிய காட்சி என்பார்கள். உங்கள் பெற்றோர் வீட்டிலிருந்து சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக்கொடியும், அதற்கப்பால் சேர்வராயன் மலையின் முகடும் தெரியுமென்றால் அவர்களுக்குத் தோட்டக்காரரே தேவையில்லை. பார்வையை மறைக்கும் குரோட்டன்ஸ் தொட்டிகளை அகற்றி, வேலியை மூன்றடிக்குத் தாழ்த்தினால் போதும். சேலம் வீட்டில் அத்தகைய காட்சி இல்லை. அங்கே ஜன்னலுக்கும் மதில்சுவருக்கும் இடையே உள்ள நான்கடிப் பட்டையில் மருள் செடியும் ஒரு புங்கன் கன்றும், கீழே பரப்பிய கூழாங்கல்லும், பழைய ஆட்டுக்கல் ஒன்றில் தண்ணீரும் வையுங்கள். தண்ணீரை வாரம் இருமுறை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு வரும். கியோட்டோவில் ரியோஆன்ஜிக் கோயிலின் மணல்தோட்டத்தில் 15 கற்கள் இருக்கின்றன. திண்ணையில் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் குறைந்தது ஒரு கல்லாவது மறைந்திருக்கும். நான்கடிப் பட்டைக்கு மூன்று கற்கள் போதும், ஆனால் அவற்றை வைக்கும்போது மேடைமேல் உட்கார்ந்தபடி உங்கள் மாமியாரை இடம் சொல்லச் சொல்லுங்கள். நாள்தோறும் அந்த ஜன்னலருகில் அதிக நேரம் இருக்கப்போகிறவர் அவர்தான்.

வேலையைத் தொடங்க ஏற்ற காலம் தை முதல் பங்குனி வரை. ஈரமில்லாத அந்த மாதங்களில் மரம் உப்பி வளையாது, சுண்ணாம்பு நன்றாகக் காயும். வெளித்தட்டியைப் பங்குனிக்குள் கட்டிவிட்டால் இந்தக் கோடையிலேயே வித்தியாசம் தெரியும். மேடை அதற்குப் பிறகு வரட்டும், மாடம் கடைசியில்.